ஆமை மேசைக்குக் கிடைத்த கேடயம்

அன்பு மகன் சேரனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தங்கச்சி இசைவாணியும் நல்லபடியாக இருக்கிறோம், துபாய் வெயிலில் நீ கருவாடாகாமல் இருந்தால் சரி. முதலில் என் மானக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன், உன் தங்கச்சி சொன்னால் ஊதிப் பெருக்கிவிடுவாள். பள்ளிக்கூட விழாவில் ஃபாதர் ஜெபம் பண்ணக் கண்ணை மூடச் சொன்னார். எல்லோரும் மூடியிருக்கிறார்களே என்று, அவருக்கு வைத்திருந்த முந்திரி பக்கோடாவில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். ஜெபம் சட்டென்று முடிந்துவிட்டது. எனக்கு மட்டும் ஆமென் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நீ அப்பாவைத் திட்டுவாய், அவர் மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவார், அதனால்தான் கடுதாசி. போன ஜூனில் இவளை இந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் புதிதாகச் சேர்த்தபோது, தலைமை சிஸ்டர் எங்களைக் கூப்பிட்டு, இப்போது ஒரு பரீட்சை, பிப்ரவரியில் ஒரு பரீட்சை, நடுவில் எவ்வளவு மார்க் கூடுகிறதோ அதுதான் பிள்ளையின் வளர்ச்சி, அதைப் பார்த்துத்தான் ஆறாம் வகுப்பில் இடம் என்றார். உன் அப்பாவுக்கு உடனே மூளை வேலை செய்தது. பயிர் இன்சூரன்சுக்கு மகசூல் பார்க்க வந்த ஆபீசரை நல்ல கதிர் பக்கமே விடாமல் களர் பிடித்த மூலைக்குக் கூட்டிப்போனாரே, அதே மூளை. "ஜூன்ல ஒண்ணும் எழுதாத கண்ணு, வெறுந்தாளக் குடு. பிப்ரவரியில வெளுத்து வாங்கு. வளர்ச்சி எங்கயோ போயிடும்" என்றார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வேறு. தினமும் அவருக்குச் செய்தித்தாள் படித்துக்காட்டுகிற பிள்ளை, பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது. நானும் சிரித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அந்த வகுப்பில் மார்க்கைப் பார்த்து மேசை. குதிரை மேசை, மான் மேசை, எழுத்தே தெரியாதவர்களுக்கு ஆமை மேசை. பூஜ்யம் வாங்கியவள் எங்கே போவாள்? வருஷம் முழுக்க அ, ஆ. எனக்குத் தெரியும் டீச்சர் என்றாளாம், "தெரிஞ்சா ஏண்டி எழுதல?" என்றாராம். சத்தியம் இருக்கிறதே, வாயை மூடிக்கொண்டாள். வகுப்பே அவளை ஆமை என்று கூப்பிட்டது. நானும் ஒருநாள் வேடிக்கைக்கு "ஏ ஆமை, சோறு திங்க வா" என்றேன். தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டாள். அதிலிருந்து அப்பாவுக்குச் செய்தித்தாளும் கிடையாது.

பிப்ரவரியில் ஆமை மேசைக்குத் தனிக் கேள்வித்தாள். படத்தைப் பார், எழுத்துக்கு வட்டம் போடு. நூற்றுக்கு நூறு. பள்ளிக்கூடத்திலேயே பெரிய வளர்ச்சி என்று மேடையில் ஏற்றிக் கேடயம் கொடுத்தார்கள், எழுத்தறியாமல் வந்த பிள்ளை என்று ஃபாதர் கண் கலங்கினார். உன் அப்பா முன்வரிசையில் கை வலிக்கத் தட்டினார். மறுநாள் ஆறாம் வகுப்புப் பட்டியலில் இவள் பெயர் இல்லை. மற்ற மேசைகளுக்குக் கொடுத்த பெரிய கேள்வித்தாளை எழுதியவர்களுக்குத்தான் இடம் என்று அப்போதுதான் சொல்கிறார்கள். நான் சிஸ்டரிடம் போய் உண்மையைப் போட்டு உடைத்தேன். அவர் பைபிளை எடுத்து நீட்டினார், இசைவாணி ஒரு பக்கத்தைத் திக்காமல் படித்தாள். சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களாம்மா, எங்க ஆமை மேசை எப்படி வேலை செஞ்சிருக்கு!" என்றார். இடம் மட்டும் நிரம்பிவிட்டதாம்.

இதை நன்னிலம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். குடவாசலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்து மணிக்கு நுழைவுப் பரீட்சை. இந்த வருஷத்துக்கு இங்கிலீஷ் மீடியத்தில் இனி அது ஒன்றுதான் பாக்கி. தெரிந்ததையெல்லாம் எழுது என்று அப்பா காலையிலிருந்து அவள் காதைத் தின்கிறார், அவள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கணும், வேளைக்குச் சாப்பிடு. அப்பாவிடம் பேசினால் பள்ளிக்கூடப் பேச்சை எடுக்காதே, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் மேல் உயிரான அம்மா,
ரெ. ராமாயி

மடிக்கப்போன நேரத்தில் இன்னும் ஒன்று. எதிரே பள்ளிக்கூடத்தார் கேடயத்தோடு இசைவாணி படம் போட்டுப் பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அப்பா கேட்டார். "எழுத்தறியாமல் வந்தாள், எங்களிடம் வளர்ந்தாள்" என்று படித்தாள். மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். குடவாசல் பஸ் போய்விட்டது. அடுத்தது பதினொன்றுக்கு.