அம்பாரோவை உரக்கக் கூப்பிடச் சொல்

மணிலா,
20 ஜூலை 1938

அன்புள்ள அக்கா அம்பாரோவுக்கு,

எங்கே போய்த் தொலைந்தாய்? நேற்று ஆட்டத்தில் அப்பா உன்னை இளவரசி வேஷத்தில் மாயப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார், கோலால் தட்டினார், திறந்தார். காலி. கொட்டகையே கைதட்டி அதிர்ந்தது. மறுபடி பூட்டித் திறந்தால் நீ வரவேண்டும், அப்போதும் காலி! கள்ளக்கதவுக்குப் பின்னாலும் நீ இல்லை. "எங்கயாவது ஊர் சுத்தப் போயிருப்பா" என்று அப்பா கத்தினார். அப்புறம் மேடைப்படியில் உட்கார்ந்து அழுதார்.

காலையில் உன் செருப்பைப் பெட்டியின் இழுப்பறையில் வைத்தேன். திறந்தால் காணோம்! செருப்பு போன இடத்தில்தானே நீ இருப்பாய்? இந்தக் கடிதத்தையும் அதிலேயே போடுகிறேன்.

தம்பி இஸ்கோ

மணிலா,
21 ஜூலை 1969

அன்புத் தம்பி,

செருப்பும் கடிதமும் இழுப்பறையில் வந்தன, இதையும் அதிலேயே போடுகிறேன். தேதியைப் பார், நான் கிறுக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் தாண்டி வந்துவிட்டேன்! நம் பெட்டி இங்கே தையல்கார நேனா அத்தையின் துணி அலமாரி. திறந்தவள், "ஏசு மரியே சூசையே! யாருடி நீ, கிரீடமெல்லாம் வச்சுக்கிட்டு?" என்று அலறினாள். பிறகு கொக்கோக் கஞ்சியும் கருவாடும் கொடுத்தாள்.

இன்று காலை தெருவே அவள் வீட்டில் கூடிவிட்டது. ஒரு பெட்டியின் கண்ணாடியில் படம் அசைகிறது. ஒரு மனிதன் ஏணியில் இறங்கி நிலாவில் கால் வைத்தான், இஸ்கோ! நம் நிலாவில்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அத்தை மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். "கள்ளக்கதவு எங்க இருக்கு?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஆனால் அம்மா ஞாபகமாகவே இருக்கிறது. பெட்டிக்குள் ஏறி ஏறிப் பார்க்கிறேன், வெளியே வந்தால் தையல் மெஷின்தான். அப்பா ஒன்றை மறந்துவிட்டார், இஸ்கோ. ஆறோ சந்தையோ, எங்கிருந்து கிளம்பினாலும் நம் உயிர் அங்கேயே தங்கிவிடக் கூடாதென்று ஊர் அம்மாக்கள் எல்லாரையும் போல நம் அம்மாவும் பேர் சொல்லிக் கூப்பிடுவாளே, "அம்பாரோ, வாம்மா, வீட்டுக்குப் போகலாம்" என்று. பெட்டியைத் திறக்குமுன் அப்பாவும் கதவோரம் அப்படி முணுமுணுப்பார். அன்றைக்குக் கைதட்டலில் மயங்கிச் சொல்லவில்லை. சொல்லச் சொல்.

உன் அக்கா

மணிலா,
22 ஜூலை 1938

அக்கா,

நிலாவிலா? சத்தியமாகவா?

அப்பா காலிக் கொட்டகையில் தொண்டை வற்றக் கூப்பிட்டார். நீ வரவில்லை. அம்மா சொன்னாள்: "நாலு பேர் முன்னாடி தொலைச்சீங்க. நாலு பேர் முன்னாடிதான் கூப்பிடணும்."

அப்பா முகம் செத்துப்போயிற்று. ஊரே உன்னை எகிப்து இளவரசி என்றல்லவா நம்புகிறது! "அம்பாரோன்னு கூப்பிட்டா நம்ம பொழப்பு நாறிடும். அப்புறம் எவன் ஆட்டம் பார்க்க வருவான்?" என்றார். அம்மா உன் பாயை விரித்து வைத்தாள். நாளைக்கு ஆட்டம். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

இஸ்கோ

மணிலா,
23 ஜூலை 1969

இஸ்கோ, கண்ணே,

கேட்டதடா! முதலில் அலமாரிக்குள் ஜனங்களின் சலசலப்பு. பிறகு அப்பா குரல். "ஐயாமாரே, அது இளவரசி இல்லீங்க. எம் பொண்ணு. பேரு அம்பாரோ." ஒருத்தரும் கூச்சல் போடவில்லை. அப்பா கூப்பிட்டார், பாதியில் குரல் உடைந்துவிட்டது. மீதியைக் கொட்டகை முழுக்கச் சேர்ந்து சொன்னது, இஸ்கோ! முகம் தெரியாத அத்தனை பேரும் என்னை வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள்!

நேனா அத்தை கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டாள். தொங்கும் துணியெல்லாம் ஆடுகிறது. "போடி, அப்பா கூப்பிடறார்ல?" என்று கண்ணைத் துடைத்தபடி என்னைத் தள்ளுகிறாள்.

நிலாவில் மனிதன் நடந்ததைக்கூட நம்பிவிட்டேன். அப்பா ஊரறிய என்னை மகள் என்று சொன்னதைத்தான் இன்னும் நம்ப முடியவில்லை. எனக்கு முன்னால் இது வந்து சேர்ந்தால், நிறுத்தாமல் கூப்பிடச் சொல். பெட்டிக்குள் ஏறிவிட்டேன்.

அம்பாரோ