நீல டோச்சும் ஞானேந்திரன் அண்ணையின் கழுகும்

11 ஜனவரி 2025, சனி

ஞானேந்திரன் அண்ணை வந்துவிட்டுப் போனார். என் கதவு மணியை அடிக்கிற ஒரே ஆள் அவர்தான், அதுவும் சனிக்கிழமையில் மட்டும். மற்ற ஆறு நாளும் அந்த மணி சும்மா சுவரில் ஒட்டிக்கொண்டு சம்பளம் வாங்குகிறது.

ஜெர்மன்காரரின் யுத்தகாலச் சட்டைச் சின்னங்களைச் சேர்க்கிற தமிழர் இந்த மொன்ட்ரியாலில், எனக்குத் தெரிய, இரண்டே பேர். அவரும் நானும். கழுத்துப் பட்டி, தோள் பட்டி, மார்பில் தைக்கிற கழுகு. சேர்ப்பது பாதி வேலை. அசலா போலியா என்று சண்டை பிடிப்பது மீதி. இன்றைக்கு அவர் கொண்டுவந்த தோள் பட்டியைப் பார்த்து, "அண்ணை, இது போன கிழமை தைச்சது. இன்னும் சூடு ஆறேல்லை" என்றேன். "ஆறாம் வகுப்பு படிச்சவனுக்குப் பூதக்கண்ணாடி வாங்கித் தந்தது என்ர பிழை" என்றார்.

மார்ச் கடைசியில் எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தின் கண்காட்சி. ஆளுக்கு ஒரு சாமான்தான். பக்கத்தில் ஒரு அட்டை வேண்டும்: இன்னொரு உறுப்பினர் கையில் எடுத்துப் பார்த்து, அசல் என்று கையெழுத்துப் போட்டது. வருடாவருடம் அவருக்கு நான், எனக்கு அவர். இந்த முறை தன் மார்புக் கழுகை வைக்கப் போகிறாராம். இருபது வருடமாக அலுமாரியை விட்டு வெளியே வராத கழுகு.

19 ஜனவரி, ஞாயிறு

மகள் றொஷினி டொரொன்டோவிலிருந்து போன் எடுத்தாள். தாயும் அவளோடுதான். பேரனைப் பார்க்க மூன்று மாதம் என்று போனவ, இரண்டு வருடமாகிறது. "அப்பா, அந்தக் கொலைகாரற்ற சாமான் இன்னும் வீட்டில இருக்கோ?" என்று கேட்டாள். எல்லாம் மேசை லாச்சிக்குள் சிறையில் கிடக்கிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அந்தக் கழுகு காலில் பிடித்திருப்பது நாஜிகளின் சுவஸ்திகா என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சுவரில் மாட்டவா செய்கிறேன்? ஆனால் ஊரில் ஆமிக்காரரின் சீருடையைக் கண்டாலே வேலி பாய்ந்து ஓடினவன் நான். இப்போது ஒரு சீருடையின் துண்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கிக் கிடக்கிறது. இதை அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

1 பெப்ரவரி, சனி

நீல வெளிச்சம் அடிக்கிற டோச் ஒன்று வாங்கினேன். இந்த வருடம் சங்கத் தலைவரும் இதைத்தான் அடித்துப் பார்ப்பாராம். யுத்தகால நூலில் வெள்ளையாக்கும் மருந்து இல்லை. இருட்டில் அடித்தால் செத்துப்போய்க் கிடக்கும். பிறகு வந்த நூல் என்றால் பளீரென்று மின்னும்.

லைட்டை அணைத்தோம். என் சாமான் எல்லாம் கறுப்பாகக் கிடந்தன. அண்ணை கழுகை வைத்தார். இரண்டு செட்டையும் மின்னின.

"அண்ணை, இது டிஸ்கோவுக்குப் போற கழுகு."

என்ர வாய். அவர் சிரிக்கவில்லை. "அப்ப கையெழுத்துப் போடமாட்டாய்?" என்றார்.

"எப்பிடி அண்ணை போடுறது?"

ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. கழுகைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். தேத்தண்ணி பாதி அப்படியே கிடக்கிறது.

8 பெப்ரவரி, சனி

வரவில்லை.

15 பெப்ரவரி, சனி

வரவில்லை. பனி என்று வைத்துக்கொள்வோம். அவர் வீட்டுப் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கோழி இரண்டு பேருக்குக் காய்ச்சினேன். நானே இரண்டு பேராகச் சாப்பிட்டேன்.

போட்டுக் கொடுத்திருக்கலாமோ? ஒரு கையெழுத்துத்தானே— பொய்யாய்ப் போட்டால் பிறகு அவர் எனக்குப் போடுறதுக்கு என்ன மதிப்பு? மதிப்பை வைச்சு என்ன செய்யப்போறாய் அருமைராசா, அதோடயா கதைச்சுக்கொண்டிருக்கப் போறாய்?

23 பெப்ரவரி, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், அண்ணை என்னைக் கண்டும் காணாத மாதிரி பஸ் தரிப்புக்கு நடந்துவிட்டார். அவர் மனைவி அக்னெஸ் அக்கா மட்டும் வாசலில் நின்றா. மனிசன் சரியாகச் சாப்பிடுகிறதில்லையாம். என்ன நடந்தது என்று கேட்டா. டோச், நூல், வெள்ளையாக்கும் மருந்து எல்லாம் விளங்கப்படுத்தினேன்.

அக்காவின் முகம் போன போக்கு.

"தம்பி, சவர்க்காரத் தூள் போட்டாலும் மின்னுமோ?"

அதிலும் அந்த மருந்து இருக்குதுதான்.

"ஊத்தை மணமெண்டு ஒருக்கால் தோய்ச்சுப்போட்டன். கன வருசத்துக்கு முந்தி. காயவிட்டு இருந்த இடத்திலயே வைச்சிட்டன். அவருக்குத் தெரியாது. சொல்லிப்போடாத, ராசா."

பழைய சாமானைத் தண்ணீரில் போடுவது எங்கள் ஆட்களுக்குக் கொலைக்குச் சமம். வீட்டுக்கு வந்து தனியே இருந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. சொன்னால் அக்கா மாட்டுப்படுவா. சொல்லாவிட்டால் அண்ணை இனி இந்தப் பக்கம் வரமாட்டார்.

25 பெப்ரவரி, செவ்வாய்

லாச்சியிலிருந்து ஒரு கழுத்துப் பட்டியை எடுத்தேன். சந்தேகமே இல்லாத அசல், என்னிடம் உள்ளதில் நல்லது. வாளியில் தூளைக் கரைத்துத் தோய்த்தேன்.

காய்ந்த பிறகு டோச் அடித்தேன். மின்னியது.

டோச் சொன்னது சவர்க்காரத்தின் கதையை. நான் கழுகின் பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

8 மார்ச், சனி

நானே மொன்ட்ரியால்-நோரில் இருக்கிற அண்ணை வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்துவிட்டுக் குசினிக்குள் ஒளிந்துகொண்டா. அண்ணைக்கு முன்னால் பட்டியை வைத்து டோச் அடித்தேன். "காற்சட்டைப் பையில கிடந்து உடுப்போட தோய்ஞ்சுபோச்சு அண்ணை. பாருங்கோ, அசலே மின்னுது. நான் சொன்னது பிழை."

அவர் பட்டியை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

"கழுத்துப் பட்டியைப் பைக்குள்ள வைச்சுக்கொண்டு ஆரடா திரியிறது?"

அவர் குரலைத் தணித்தார்.

"அவ தோய்ச்சது எனக்கு அண்டைக்கே தெரியும். அலுமாரியைத் திறக்கச் சவர்க்கார மணம். கேட்டால் குறுகிப்போவா எண்டு விட்டிட்டன். அதாலதான் உன்னட்டையும் சொல்லேலாமல் போச்சு."

"அப்ப ஏன் அண்ணை கொண்டுவந்தனீங்கள்?"

"நீ டோச் வாங்குவாய் எண்டு நான் கனவு கண்டனானோ?"

கழுகைத் திருப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பின்பக்க நூல் ஓட்டம், நெசவு, ஓரம் மடித்த விதம், எல்லாம் அந்தக் காலத்துக்குரியவை. அசல் என்றேன். தெரியும் என்றார். ஆனால் தலைவர் டோச் அடிப்பாரே, அட்டையில் என்ன எழுதுவது? அண்ணை குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

29 மார்ச், சனி

கண்காட்சி. அட்டையில் பிரெஞ்சில் அண்ணையின் எழுத்து: அசல். வீட்டில் ஒருமுறை தோய்த்தது. கீழே என் கையெழுத்து, கோணலாக.

அக்காவிடம் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், நான் கேட்கவில்லை. அக்கா முதன்முறையாக வந்திருந்தா, பூசைக்குக் கட்டுகிற சேலையும் குளிர் கோட்டுமாக. தலைவர் கறுப்புத் துணியால் மூடி டோச் அடித்தார். மின்னியது. நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அண்ணை "மா ஃபாம்", என் மனைவி, என்று அக்கா பக்கம் கையைக் காட்டினார். அக்கா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பி, "வி. மெர்சி" என்று ஓமும் நன்றியும் பிரெஞ்சில் சொன்னா. தலைவர் கழுகைத் திருப்பி வெகுநேரம் பின்பக்கம் பார்த்தார். தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். அக்கா என் பக்கம் சாய்ந்து, பட்டிக்கு எந்தத் தூள் போட்டேன் என்று கேட்டா. அண்ணை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

சென்ட் லோரன்டில் என் தரிப்பு முதலில் வரும். வந்தது. கதவு திறந்து மூடியது. நான் இறங்கவில்லை.