சத்தம் வராத மூடி

மருந்து வாடையோடு வீட்டுக்கு வருகிற என் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நேரே விஷயத்துக்கு வருகிறேன். வேலை செய்கிற இடத்தில் சண்டை. உங்களால்தான்.

உக்குவளையில் பிளாஸ்டிக் சாமான் செய்கிற ஒரு பட்டறையில் இருக்கிறேன். உருக்கிய பிளாஸ்டிக்கை மெஷின் இரும்பு அச்சுக்குள் அழுத்தித் தள்ளும். ஆறியதும் சாமானாக எடுப்போம். எந்தச் சாமானுக்கு எந்தப் பிளாஸ்டிக் என்று சொல்வது என் பொறுப்பு. நான் படித்ததும் அதைத்தான்.

இப்போது வந்திருக்கிற ஓடர் என்ன தெரியுமா? முதுகில் சுமந்து புல்லுக்கு மருந்தடிக்கிற டேங்கின் மூடி. ரிவர்ஸ்டன் மலைத் தோட்டத்தில் நீங்கள் சுமந்தீர்களே, அதே மாதிரி டேங்க்.

உங்களுடைய டேங்கின் மூடி கீறல் விட்டு வெடித்திருந்தது. அதன்மேல் ஒரு சொப்பிங் பேக்கைப் போட்டு, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் மலைக்குப் போனீர்கள். நீங்கள் மட்டுமா, உங்களோடு மருந்தடித்த எல்லோருமே அப்படித்தான். குனிந்தால் போதும், முதுகில் வழியும். அம்மா எண்ணெய் பூசும்போது தோல் கையோடு வரும். தோட்டத்தில் வேறு மூடி கேளுங்கள் என்று நான் கத்துவேன். "மூடிதானேடா. அதான் கட்டியாச்சில்ல, விடு" என்பீர்கள்.

உங்கள் சாவுக்கு அந்த மூடிதான் காரணம் என்று சொல்லவில்லை. டொக்டரும் சொல்லவில்லை. ஆனால் அந்த முதுகை நான் பார்த்திருக்கிறேன். ஒருநாளாவது அந்த டேங்கைக் கீழே போட்டுவிட்டு, மூடி தந்தால்தான் தூக்குவேன் என்று ஏன் நிற்கவில்லை அப்பா?

சரி, கேளுங்கள். ஓடர் தந்தவர் மாத்தளை டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற ஹாஜியார். அவரிடம் இரண்டு மாதிரி கொண்டுபோனேன். ஒன்று ஏபிஎஸ் என்கிற பிளாஸ்டிக். கெட்டியாக, பளபளவென்று இருக்கும். மற்றது பீபீ, மெழுகு பூசியது போல மங்கலானது. மனுஷர் மண்சட்டி வாங்குகிற மாதிரி இரண்டையும் விரலால் தட்டிப் பார்த்தார்.

"இது ணங்குனு கேக்குது தம்பி. அந்த மங்கல்ல சத்தமே இல்ல. சனம் எடுக்குமா?"

"முதுகுல சுமக்கிற மூடி ஹாஜியார். கோயில்ல கட்டி மணியா அடிக்கப் போறதில்ல."

"வாய்தான் ஒங்களுக்கு!" என்று சிரித்தார். ஆனால் பளபளப்பைத்தான் கேட்டார். எங்கள் முதலாளியும், "கேக்குறத அடிச்சுக் குடேன்டா, ஒனக்கென்ன?" என்றார்.

எனக்கென்னவா?

ஏபிஎஸ் ரேடியோப் பெட்டிக்கு நல்லது. சில மருந்துகளில் சேர்க்கிற எண்ணெய் பட்டால், இறுக்கித் திருகிய இடத்தில் மயிரிழையாகக் கீறும், பிறகு வெடிக்கும். பீபீ அதற்கெல்லாம் வெடிக்காது. அதற்கு ஆகாதது வெயில்தான்; வெயில் தாங்குகிற சேர்மானத்தைக் கலந்தால் போதும். இவ்வளவுதான் விஷயம். சொன்னால் யார் கேட்டார்கள்?

அதனால் ஏபிஎஸ் மூடியை ஒரு டேங்கில் இறுக்கி, மருந்து படும்படி சில நாள் கவிழ்த்து வைத்தேன். பிறகு எல்லாவற்றையும் நன்றாகக் கழுவி, வெறும் தண்ணீர் ஊற்றி, முதலாளி முன்னால் வைத்தேன்.

"இத முதுகுல போட்டுக்கிட்டு பட்டற முத்தத்துல ஒரு சுத்து நடந்துட்டு வாங்க மொதலாளி. தண்ணிதான்."

"பெரிய வேல! குடு" என்று மாட்டிக்கொண்டார். வெள்ளைச் சட்டை. நாலு எட்டு வைத்ததும், "புல்லுக்கு அடிக்கிற மாதிரி குனிங்க" என்றேன். குனிந்தார். மூடி பட்டென்று பிளந்து, தண்ணீர் கழுத்துக்குள் இறங்கிக் காற்சட்டை வரை போனது.

"அடே, நனைஞ்சிட்டேன்டா! கழட்டு, கழட்டு!"

"மூடிதானே மொதலாளி" என்றேன்.

அதோடு என்னிடம் பேச்சில்லை. நேற்றுத்தான் வந்து, "பீபீயையே அடிச்சுக்க. ஹாஜியார்கிட்ட நீயே பேசிக்க. அவரு திருப்பி அனுப்புனா ஒன்னையும் அனுப்பிருவேன்" என்றார். அனுப்பட்டும். பீபீ மூட்டையைப் பிரித்துவிட்டேன். நாளை காலை மெஷினில் போடுவது அதைத்தான்.

இப்போது அந்த மலையில் மருந்தடிப்பது அக்காவின் புருஷன். அவருடைய டேங்கிலும் சொப்பிங் பேக்தான், டியூப் துண்டுதான். நாளைக்கு வருகிற முதல் மூடி அவருக்கு. நானே கொண்டுபோய், அந்த டியூபை அறுத்தெறிந்துவிட்டு, என் கையால் திருகி மூடுவேன். என்னை வேலையை விட்டு அனுப்பினாலும், நான் தேர்ந்தெடுத்த மூடிக்குக் கீழே ஒருவன் முதுகும் நனையாது. இந்தமுறை நீங்களே வந்து "விடு" என்றாலும் விடமாட்டேன்.

உங்கள் சொல் கேளாத மகன்,
சிவா