திரும்பி வந்தவருக்குத் தண்ணீர்

புனே

அன்புள்ள அப்பாவுக்கு, கீதாஞ்சலியின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? பட்டறை போட்டு வைத்த வெங்காயம் மழையில் நனையவில்லையே?

ஆபீஸில் ஒரு தப்பு செய்துவிட்டேன்; கவலைப்படாதீர்கள், இது வெறும் வேடிக்கைதான். ஒரு புடவைக் கடையின் இணையதளத்தை நான் பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதினேன். கடவுச்சொல் கொடுத்து நுழைபவரை, முன்பு இருந்த பக்கத்துக்கே திருப்பி அனுப்பும்படி செய்திருந்தேன். கடை முதலாளி 'வெளியேறு' பக்கத்திலிருந்து மறுபடி நுழைந்திருக்கிறார். தளம் அவரை மரியாதையாக அந்த 'வெளியேறு' பக்கத்துக்கே அனுப்ப, அது அவரை மறுபடி வெளியே தள்ளிவிட்டது. காலை முழுக்க மனிதர் நுழைவதும் வெளியே விழுவதுமாக இருந்திருக்கிறார்.

மேனேஜர் அரங்கநாதன் சார் நம்ம அரியலூர்க்காரர். "ஏம்மா, வூட்டுக்கு வந்தவர இப்படியா தொரத்துவ? ஒனக்கு வேலை வேணுமா வேணாமா?" என்று கத்தினார். அப்போது உங்கள் நினைவு வந்தது. கிளம்பியவர் எதையாவது மறந்து திரும்பினால், "உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பீர்களே? அதையே செய்தேன். வெளியேறித் திரும்புகிறவர் இனி முகப்புப் பக்கத்தில்தான் உட்காருவார். என் வேலையும் தப்பியது.

நேற்று குடையை மறந்து அறைக்குத் திரும்பினேன். "உக்காரும்மா" என்று நானே சொல்லிக்கொண்டு, பாட்டிலில் தண்ணீர் குடித்தேன். சரிப்படவில்லை. இந்தப் பக்கம் வருகிறவர் யாரிடமாவது நம் வீட்டுச் சொம்பைக் கொடுத்தனுப்புங்கள்.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது. போயிட்டு வரேம்ப்பா.

கீதாஞ்சலி