ஏன் மறிக்கவில்லை என்று கேட்டீர்கள்

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
18.11.2007

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகள் ஜென்சி எழுதிக்கொள்வது. கர்த்தருடைய சமாதானம் உங்களோடும் அன்டன் அண்ணை வீட்டாரோடும் இருக்கட்டும். இந்த நடுச்சாமத்தில் குந்தியிருந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். சின்னவன் ஜெரோமுக்குப் பல் முளைக்கிறது. சிணுங்கிச் சிணுங்கி இப்போதுதான் கண் மூடினான். எழுத்து அங்கங்கே கோணிப் போனால் அது நித்திரையின் குற்றம், மரியாதைக் குறைவு என்று எடுத்துவிடாதீர்கள். பாரிசில் நீங்கள் இப்போது விடியற்பூசைக்கு எழும்பியிருப்பீர்கள்.

போனில் கதைக்கலாமே, எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறீர்கள், குளிரைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் உங்கள் மகன் றொக்சனின் பெயரை எடுத்ததும், "சரி பிள்ளை, உமக்குப் போன் கார்ட் முடியப்போகுது, வைக்கிறன்" என்கிறீர்கள். கார்டில் நேரம் நிறையக் கிடக்கிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கடிதத்தை அப்படி வைக்க முடியாது அல்லவா. வைத்தாலும் பிறகு எடுத்து வாசிக்கலாம்.

மெலனி கார்டெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், நன்றாகக் கதைக்கிறாள், எல்லாம் பிரெஞ்சு. "அப்பப்பாவுக்கு என்ன சொல்ல?" என்று கேட்டேன். நீங்கள் பாரிசில் இருக்கிறபடியால் உங்களுக்கும் பிரெஞ்சு நன்றாகத் தெரியும் என்று நினைத்து நீளமாய் ஏதோ சொன்னாள். அன்டன் அண்ணையின் பிள்ளைகள் உங்களுக்கு மொழிபெயர்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குக் கர்க்லாண்டில் அந்தப் பல் வைத்தியரின் இடத்தில்தான் வேலை. வைத்தியர் நல்லவர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முகம் சுளிக்காமல் விடுகிறார்.

ஆடி மாதம், றொக்சன் கனடாப் பட்டாளத்தோடு ஆப்கானிஸ்தானுக்கு, காந்தகாருக்குப் போகப்போகிறார் என்று நான் சொன்ன அன்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "பகுதிநேரப் பட்டாளம், சனிக்கிழமையில போய் அணிவகுக்கிற வேலை எண்டுதானே சொன்னவன். இப்ப தானாய்க் கை தூக்கிப் போறானாம். நீர் படிச்ச பிள்ளையெல்லே, ஏன் மறிக்கேல்லை?" என்றீர்கள். அன்று நான் அழுதேனே தவிர மறுமொழி சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அந்த மறுமொழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பனி விழமுன் எங்கள் காருக்குக் குளிர்கால டயர் மாற்றிவிடும்படி, றொக்சன் தன்னோடு பயிற்சி எடுத்த மார்ட்டான் என்ற பொடியனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவன் வியாழக்கிழமை பயிற்சி முடிந்த கையோடு, உடுப்பு மாற்றாமல் அப்படியே வந்துவிட்டான். நான் வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கி எங்கள் வீதிக்குத் திரும்பினால், வீட்டு வாசலில் பச்சை உடுப்போடு ஓர் ஆள் நிற்கிறது. மாமா, இங்கே பட்டாளத்துக் குடும்பங்கள் எல்லாருக்கும் ஒன்று தெரியும். நல்ல செய்தி போனில் வரும். மற்றச் செய்தியைச் சொல்ல உடுப்புப் போட்டவர்கள் வாசலுக்கு வருவார்கள். நான் பக்கத்து வீட்டாரின் குப்பைத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கிட்டப் போனால்தானே சொல்லுவான், போகாமல் நின்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று மனம் ஒரு கணக்குப் போட்டது. அவனோ என்னைக் கண்டதும் டயர் கழற்றுகிற கம்பியைத் தூக்கிக் காட்டி, "போன்சூர் மதாம், டயர்" என்கிறான். மணியடித்தும் ஒருவரும் திறக்கவில்லையாம்.

பிள்ளைகளோடு வீட்டில் நின்றது சிசிலி அன்ரி. மன்னார் ஆள், எங்கள் கோவிலுக்கு வருகிறவர். நான் வேலையால் வரும்வரை இரண்டு பேரையும் அவர்தான் பார்க்கிறார். திறப்பைப் போட்டு உள்ளே போனால் லைற் எல்லாம் அணைந்து கிடக்கிறது. ஒரு சத்தம் இல்லை. ஜன்னலால் உடுப்பைக் கண்டவர், பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்க் குளியலறையில் பூட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். ஜெரோமின் வாயில் சூப்பி, மெலனியின் வாயில் அன்ரியின் கை. நான் ஜென்சி, திறவுங்கோ என்று தட்டினேன். திறக்கவில்லை. "பின்னால நிக்கிறானோ? உம்மைக்கொண்டு கூப்பிட வைக்கிறானோ?" என்று உள்ளேயிருந்து மெல்லக் கேட்கிறார். கடைசியில் மெலனிதான் கையை உதறிப் பூட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். "பப்பான்ர உடுப்பு, அன்ரி, பப்பான்ர ஆள்" என்று சொல்லிக்கொண்டே போய் மார்ட்டானின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு சிசிலி அன்ரிக்கு ஒரே வெட்கம். அவனை இருத்தி வைத்து ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தார். "இந்தப் பால்முகத்துக்கோ நான் ஒளிச்சனான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவன் தட்டைத் துடைத்துச் சாப்பிட்ட வடிவைப் பார்த்துவிட்டு, "எடி பிள்ளை, அங்க நிக்கிறதும் இப்பிடிப் பொடியங்களோ? அதுகளுக்கு ஆர் சமைச்சுக் குடுக்கிறது?" என்று கவலைப்படத் தொடங்கிவிட்டார். சிரித்தோம். ஆனாலும் மாமா, தேத்தண்ணிக் கோப்பையை அன்ரி அவன் கையில் கொடுக்கவில்லை, மேசையில் வைத்துத் தள்ளிவிட்டுப் பின்னுக்குப் போய் நின்றார். அதை எழுதாமல் விட்டால் நான் சொல்வது அரைவாசி உண்மைதான்.

அந்தப் பயம்தான் உங்களுடையதும் என்று எனக்குத் தெரியும். உங்கள் பிள்ளை யோசெப் அண்ணையை ஊரில் ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் கொண்டுபோனதும், மாமியும் நீங்களும் ஒவ்வொரு முகாம் வாசலாய்ப் போய் நின்றதும், றொக்சன் எனக்குக் கலியாணத்துக்கு முன்பே சொன்ன கதைகள். மாமி கண்ணை மூடும்வரைக்கும் அண்ணைக்கும் சேர்த்துச் சாப்பாட்டுக் கோப்பை வைத்தார் என்று சொன்னார். அப்படிப்பட்ட வீட்டில் மிஞ்சிய கடைக்குட்டி ஒரு பட்டாள உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிற படத்தை அன்டன் அண்ணை உங்களிடம் காட்டியபோது, நீங்கள் அதைக் கவிழ்த்து வைத்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் கவிழ்த்துத்தான் வைத்திருப்பேன்.

நானும் மறிக்காமல் இல்லை, மாமா. சண்டை பிடித்தேன். ஒரு கிழமை கதைக்கவில்லை. ஜெரோம் அப்போது கைக்குழந்தை. உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிற நினைப்பு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறபடியால்தான் போறன் என்றார். எனக்குக் கோபம் இன்னும் கூடியது. எல்லா ஆம்பிளைகளும் சொல்கிற கதை இது என்றேன்.

அப்போதுதான் யோசெப் அண்ணையைக் கொண்டுபோன விடியலைப் பற்றி இன்னொரு முறை சொன்னார். கத்தவில்லை, ஜெரோமைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னார். "அண்டைக்கு எங்கட வீதியில ஒருத்தன், எந்த நாட்டுக்காரனாயும் இருக்கட்டும், துவக்கோட நடுவில நிண்டு, இந்தப் பிள்ளையை விடு எண்டு சொல்லியிருந்தா அண்ணை இருந்திருப்பார். ஒருத்தரும் வரேல்லை. ஏன் வரேல்லை தெரியுமோ? அவையள் எல்லாருக்கும் பிள்ளை குட்டி இருந்தது" என்றார். அதனால்தான் மறிக்கவில்லை.

நீங்கள் சொல்லப்போவதும் எனக்குத் தெரியும். அமைதி காக்க என்று இந்தியாவிலிருந்து வந்து இறங்கியவர்களையும் நீங்கள் கண்டவர். மாலை போட்டு வரவேற்ற சனமே பிறகு என்ன பாடு பட்டது என்று அன்டன் அண்ணையிடம் சொன்னீர்களாம். அது பொய் இல்லை. றொக்சனிடம் நான் அதையும் கேட்டேன். அதை மறக்காத ஆள் ஒருத்தனாவது போறவைக்குள்ள இருக்க வேணும் என்றார். அங்கே வீதித் தடையில் நிற்கும்போது, வயதான ஒருவர் காட்டிய கடதாசியைப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாராம். கூட நின்றவன் ஏன் இப்படிக் கும்பிடாத குறையாய்க் கொடுக்கிறாய் என்று பகிடி பண்ணினானாம். ஊரில் ஒரு ஆமிக்காரன் உங்களுடைய அடையாள அட்டையை நிலத்தில் எறிந்து, குனிந்து பொறுக்கச் சொன்னதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளை அவர்.

பயங்கரவாதம் என்ற சொல்லை எழுத எனக்கும் கை கூசும். அதை எங்கள் சனம் முழுவதன் மேலும் அள்ளிப் பூசியவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். ஆனால் புரட்டாதியில் ஒரு சந்தையில் நடந்ததைக் கேளுங்கள். மாவுக்கு வரிசையில் நின்ற சனத்துக்குள் ஒருவன் உடம்பில் குண்டைக் கட்டிக்கொண்டு வந்து வெடிக்க வைத்திருக்கிறான். றொக்சன் ஆட்கள் சாமான் வண்டிகளுக்குக் காவலாக அந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். ரொட்டி விற்கிற மனிதர் ஒருவர், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, இரத்தம் ஒழுக ஒழுக இவர்களுடைய வண்டியை நோக்கி ஓடி வந்தாராம். மாமா, வண்டியை நோக்கி. நாங்கள் எல்லாரும் பட்டாள வண்டியைக் கண்டால் வயலுக்குள் பாய்ந்தவர்கள். அந்த மனிதர் வண்டியை நோக்கி ஓடி வந்தார். கட்டுப் போட்டு, ஹெலியில் ஏற்றி அனுப்பியதில் பிள்ளை பிழைத்துவிட்டது. மெலனியின் வயதாம். வரிசையில் நின்ற பெண்களையும் பிள்ளைகளையும் கொல்ல வந்தவனுக்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. அவனை மறிக்க நிற்பது பாவமான வேலை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

எல்லா இடமும் அப்படி இல்லை என்றும் றொக்சன் சொன்னார். சில ஊர்களில் பிள்ளைகள் கல்லெறியுமாம். அந்தப் பிள்ளைகளையும் எனக்கு விளங்குது என்றார்.

இங்கே கோவிலிலும் கதை இருக்கிறது. போன ஞாயிறு பூசை முடிய அக்னெஸ் அக்கா எல்லாருக்கும் கேட்கத்தக்கதாய், "ஊரில எங்கட சனம் பதுங்குகுழிக்குள்ள கிடக்குது, இவர் ஆப்கான்காரனுக்குக் காவல் போயிட்டார்" என்றா. மாமா, அவவுடைய தங்கச்சி குடும்பம் இடம்பெயர்ந்து ஒரு தகவலும் இல்லாமல் இருக்கிறது. அதனால் நான் சண்டைக்குப் போகவில்லை. "அக்கா, எங்களுக்கு ஒருத்தரும் வரேல்லை எண்டது உண்மைதான். அதுக்காக வேறவைக்கும் ஒருத்தரும் போகக்கூடாதோ?" என்று மட்டும் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனா. ஆனால் இன்று பூசைக்கு வந்து ஜெரோமை என் கையில் இருந்து வாங்கி, நான் போய் நற்கருணை நன்மை எடுத்து வரும்வரை வைத்திருந்தா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மார்கழியில் றொக்சனுக்கு விடுமுறை கொடுக்கிறார்கள். அது முடியத் திரும்பவும் காந்தகாருக்குப் போய் மாசி கடைசிவரை நிற்க வேண்டும். நேரே மொன்றியலுக்கு வரலாம், அல்லது பாரிசில் இறங்கி இரண்டு நாள் நின்றும் வரலாம். எந்த வழி என்று இந்தக் கிழமைக்கு அடுத்த கிழமை அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். "அப்பா ஓமெண்டா பாரிசால வாறன், இல்லாட்டி நேர வாறன்" என்று என்னிடம் சொன்னார். நீங்களே கேளுங்கோவன் என்றேன். லைன் சரியில்லை, பேந்து எடுக்கிறன் என்று வைத்துவிட்டார். தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே சாட்டுத்தான்.

அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். சாதாரண உடுப்பில்தான் வருவார். பட்டாளம் பற்றி நீங்கள் கதைக்க வேண்டாம், அவரும் கதைக்கமாட்டார். நீங்கள் சரி என்று சொல்ல வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. நான் எழுதியதெல்லாம் பிழை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிழை செய்த பிள்ளைக்கும் கதவு திறக்கலாம்தானே.

ஆடியில் இவர் வெளிக்கிட்ட விடியற்காலை, பயணம் போகிற பிள்ளைக்குப் பெரியவர்கள் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு அனுப்புவது உங்கள் வீட்டு வழக்கம் என்று சொல்லி, ஷூ கட்டினபடி கொஞ்ச நேரம் கதவடியில் நின்றார். இங்கே பெரியவர் என்று ஒருவரும் இல்லை. நான் போட்டு விட்டேன். சிரித்துக்கொண்டு குனிந்து கொடுத்தார். என்றாலும் அது தகப்பன் கை போடுகிற சிலுவை, மாமா. இரண்டாம் தரம் போகிறதுக்கான சிலுவையை அவர் பாரிசில் நிற்கும்போதே நீங்கள் போட்டுவிட வேண்டும், அதை நான் போட விரும்பவில்லை.

குளிருக்குக் காலுறை போட்டுப் படுங்கள். இரத்த அழுத்தக் குளிசையை விட்டு விட்டுப் போடுகிறீர்கள் என்று அன்டன் அண்ணை சொல்கிறார், அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மாதா உங்களைக் கைவிடாமல் காப்பாளாக.

கடிதம் எழுதப் பிடிக்காவிட்டால் அன்டன் அண்ணையிடம் ஒரு சொல் சொல்லுங்கள், அவர் எனக்குப் போன் எடுப்பார். ஓமோ இல்லையோ, கெதியாய்ப் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
ஜென்சி