துண்டுக்கு அடியில் மல்சுன் அக்கா

அம்மாவுக்கு போராவின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

பண்டிகை லீவுக்கு ஜேஜு தீவுக்கு, நம் வீட்டுக்கு வர விமான டிக்கெட் கிடைக்காததால், எங்கள் கேன்டீனில் கூட வேலை செய்யும் மல்சுன் அக்காவோடும் ஹேஜினோடும் பூசான் சுற்றப் போனேன். கடற்கரையில் கால் ஓய நடந்துவிட்டு, மத்தியானம் வெந்நீர்க் குளியல்கூடத்துக்குப் போனோம். குளித்துவிட்டு வந்தால் அக்காவைக் காணோம். அவருக்கு ரத்த அழுத்தம் வேறு. குளித்தபின் ஆண் பெண் எல்லோரும் படுத்து ஓய்வெடுக்கிற பொதுக் கூடத்தின் சூடான தரையில் நூறு பேர், எல்லோருக்கும் அங்கே கொடுக்கிற அதே ஆரஞ்சு உடுப்பு. ஒவ்வொரு முகமாகத் தேடினோம். ஒரு பெரியவர், "சந்தையில மீன் பாக்குற மாதிரி குனிஞ்சு குனிஞ்சு பாக்குறீங்களே, ஒருத்தரும் பிடிக்கலயா?" என்றார். ஹேஜின் அழுதே விட்டாள்.

கடைசியில் குறட்டையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். நாங்கள் இரண்டு தடவை தாண்டிப்போன இடத்திலேயே, முகத்தைத் துண்டால் மூடிப் படுத்திருந்தார். எழுப்பினால், "அவிச்ச முட்டை வாங்கினீங்களாடி?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிட்டார். உங்கள் குறட்டை மாதிரியே இருந்தது. நானும் பக்கத்தில் படுத்து நன்றாகத் தூங்கினேன்.

சோயா விழுது தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது தூக்கம் வந்தால் தூங்குங்கள். போனை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

போரா