பன்னிரண்டு நொடி

பிப்ரவரி 9

பேரப்பிள்ளைகளின் தாத்தாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலம் என்று நானாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், நாலும் அலி. முட்டி வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குத்துச்சண்டை ஹெவிவெயிட்டில் எந்தக் காலத்துக்கும் பெரியவர் ஜோ லூயிஸ்தான். பதினோரு வருஷத்துக்கு மேல் பட்டம் அவர் கையில் இருந்தது. இருபத்தைந்து தடவை, கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார். பெருமை பேசி ஒரு வார்த்தை கிடையாது. உங்கள் அலிக்கு வாய் ஓய்ந்த நாளே இல்லை.

இங்கே மாப்பிள்ளை டைசன் கட்சி. பணிமனையிலிருந்து வந்ததும் வராததுமாக, "அத்தை, டைசன் முன்னாடி உங்க ஜோ லூயிஸ் ஒரு ரவுண்டு தாங்குவாரா?" என்றார். "தாங்குறது இருக்கட்டும் மாப்பிள்ளை, நீங்க மொதல்ல கையில இருக்கிற கிரீஸக் கழுவிட்டு வந்து சாப்பிட உக்காருங்க" என்றேன். மகளுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

பெரிய பேத்தி ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்திருக்கிறாள். எனக்கு ஆச்சரியமில்லை. அவளுக்கு என் கால்.

இப்படிக்கு,
மணிக்காரி


பிப்ரவரி 21

மணிக்காரிக்கு,

முட்டி வலிக்கிறது. எழுதிவிட்டேன், திருப்திதானே?

அஞ்சாம் வகுப்போடு நின்ற நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டால் மேல்முறையீடு கிடையாதா? அடிக்கிறவன் பெரியவன் இல்லை. வாங்கிக்கொண்டு நிற்கிறவன்தான் பெரியவன். ஃபோர்மன் அடித்த அடி அத்தனையையும் அலி கயிற்றில் சாய்ந்துகொண்டே வாங்கினார். எட்டாவது ரவுண்டில் ஃபோர்மன் கீழே கிடந்தார். உன் ஜோ லூயிஸிடம் அப்படி ஒரு ராத்திரி உண்டா?

அந்த இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பட்டத்துக்கான சண்டையில், ஒன்பதாவது ரவுண்டு, துறைமுகத்துக் கிரேன்காரன் என்னை மூலையில் வைத்துச் சாத்தினானே, விழுந்தேனா? பத்தாவதில் போய்ப் புள்ளியில் ஜெயித்தேன். கூட்டம் எனக்குச் சுவர் என்று பெயர் வைத்தது அன்றைக்குத்தான்.

இப்போது சேதி. பழைய அரங்கத்தை இடித்துவிட்டுக் கட்டினார்களே, அந்தப் புதுக் கட்டிடத்தின் வாசலில் சாம்பியன்கள் பலகை வைக்கப்போகிறார்கள். என் பெயருக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் அந்தச் சண்டையின் நேரக்குறிப்பு நோட்டை வைக்க வேண்டுமாம். "அம்மாகிட்ட இருக்கும்ல?" என்று செயலாளர் கேட்டார். "பத்தொன்பது வருஷம் உங்க அரங்கத்துல மணி அடிச்சவ, ஒரு தாளைத் தொலைச்சிருக்க மாட்டா" என்றேன். தபாலில் அனுப்பிவிடு.

சுவர்


மார்ச் 4

பேரப்பிள்ளைகளின் தாத்தாவுக்கு,

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அனுப்புவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. டெம்ப்சி அடித்து டன்னி விழுந்தார். டெம்ப்சி விதிப்படி தள்ளி மூலைக்குப் போய் நிற்காததால் நடுவர் எண்ண ஆரம்பிக்கவில்லை. டன்னி எழுந்திருக்கப் பத்து நொடிக்குப் பதில் பதினாலு நொடி கிடைத்தது என்கிறார்கள். எழுந்தார், ஜெயித்தார். அவர் பெரியவரா இல்லையா?

அலிக்கும் இதில் பங்கு உண்டு. சின்ன வயதில், நாலாவது ரவுண்டு முடிகிற நேரத்தில் ஒருத்தர் அவரை அடித்துக் கீழே தள்ளினார். எழுந்ததும் மணி அடித்துவிட்டது. கிளவுஸ் கிழிந்திருக்கிறது என்று காட்டி அவருடைய ஆள் இன்னும் கொஞ்ச நேரம் வாங்கிக்கொடுத்தார். இதை ஏன் நீங்கள் எனக்கு எழுதவே இல்லை?

யோசித்துப் பதில் போடுங்கள். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். ஜிம்முக்கு மேலே தனியாக இருந்துகொண்டு, மாடிப்படியை நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

மணிக்காரி


மார்ச் 15

மணிக்காரிக்கு,

அலி எழுந்தார், அப்புறம்தான் மணி அடித்தது. கிளவுஸ் கிழிந்தால் அவர் என்ன செய்வார், ஊசி நூலா வைத்திருப்பார்? அந்தப் பேச்சை விடு.

டன்னி விஷயத்துக்கு ஒரே பதில். கடிகாரம் கொடுக்கிற ஜெயம் பிச்சை. எனக்கு அப்படி ஒன்று வந்திருந்தால் மறுநாள் காலையிலேயே பட்டத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

நோட்டு கேட்டால் டன்னி கதை சொல்கிறாய். உனக்கு என்னைப் பலகையில் பார்க்கப் பிடிக்கவில்லை. புதிதா என்ன? வீட்டுக்கு யாராவது வந்து, நான் அந்த ஒன்பதாவது ரவுண்டைச் சொல்ல வாயெடுத்தால் போதும், நீ எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாய். ஒரு நாளா, இரண்டு நாளா? கட்டினவளே காது கொடுக்காத வீட்டில் எனக்கென்ன வேலை என்றுதான் பெட்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். ஏழு வருஷமாக நாம் எழுதிக்கொள்வதே குத்துச்சண்டையை வைத்துத்தான். அதையும் கெடுத்துவிடாதே.

அடுத்த மாதம் பத்தாம் தேதி பலகை திறக்கிறார்கள். நோட்டை அனுப்பு.

சுவர்


மார்ச் 23

பேரப்பிள்ளைகளின் தாத்தாவுக்கு,

நோட்டு இத்துடன் வருகிறது. பதினேழாம் பக்கம். ஒன்பதாவது ரவுண்டுக்கு எதிரே 2.48 என்று இருக்கும். நான் எழுதியதுதான், தப்பாக எழுதவில்லை. ரவுண்டுக்கு மூன்று நிமிஷம். பன்னிரண்டு நொடி முன்னாலேயே மணி அடித்துவிட்டேன்.

அன்றைக்குச் சண்டை ஆரம்பிக்கும் முன், பெண்டாட்டி மணி அடிக்கலாமா என்று கிரேன்காரர் பக்கத்து ஆள் ஒருவர் கேட்டார். நடுவர் சிரித்துக்கொண்டே, "அந்தம்மா பெத்த அப்பனுக்குக்கூட அரை நொடி விடமாட்டாங்க" என்றார். அது உண்மையும்கூட. பத்தொன்பது வருஷத்தில் அந்த ஒரு மணி மட்டும்தான் பொய். அடித்த பிறகு, எழுதுவதையாவது நிஜமாக எழுதுவோம் என்று எழுதினேன். சண்டை முடிந்து நோட்டை யாரும் கேட்கவில்லை. பொய் சொல்லமாட்டாள் என்று பெயர் வாங்கியவளின் நோட்டை யார் திறந்து பார்ப்பார்கள்?

நீங்கள் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எழுந்து போனது இதனால்தான். அங்கே உட்கார்ந்திருந்தால் நானும் தலையாட்ட வேண்டும். அது என்னால் முடியவில்லை. வாயைத் திறந்து சொல்லவும் முடியவில்லை. நீங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்றைக்கு வாசல் வரைக்கும் வந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

இனி பலகை உங்கள் கையில்.

மணிக்காரி


மே 2

மணிக்காரிக்கு,

நோட்டு வந்து ஐந்து வாரம் ஆகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நாலு, எட்டுக்கு நீ போடுகிற சுழி எனக்குத் தெரியும். உன் கைதான்.

பலகையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். செயலாளர், "ஐயா, முப்பத்தோரு வருஷம் ஆச்சு, இனிமே யாரு வந்து கேக்கப்போறா?" என்றார். "நான் கேட்டுட்டேன்ல" என்றேன். அந்த வருஷத்துக்கு நேரே காலியாக விட்டிருக்கிறார்கள்.

கிரேன்காரனைத் தேடிப் போனேன். மகனுடைய பூட்டுக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். "என்னய்யா சுவரு, இன்னும் விழலியா?" என்றான். நோட்டைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் பார்த்தான். "அன்னைக்கே எனக்கு ரவுண்டு சீக்கிரம் முடிஞ்ச மாதிரி இருந்துச்சு. மூச்சு வாங்கினதுல உனக்கு அப்படித் தோணுதுன்னு எங்க வீட்ல சொன்னா. நானும் சரின்னு விட்டுட்டேன்" என்றான். நோட்டை மூடி என் கையில் திருப்பிக் கொடுத்தான். கடைக்கு வந்த ஒருவருக்கு இரண்டு பூட்டு எடுத்துக் காட்டினான். கிளம்பும்போது, "டீ குடிச்சிட்டுப் போ" என்றான். குடித்தேன்.

பட்டம் போனதில் எனக்கு வருத்தமில்லை. என் வார்த்தைக்கு நான் நின்றேன். ஆனால் ஒன்று. அந்தப் பன்னிரண்டு நொடியில் நான் நின்றிருப்பேனா, விழுந்திருப்பேனா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. அது என்னுடைய நொடி. விழுந்திருந்தாலும் அது என்னுடையதுதான். நான் விழுந்துவிடுவேன் என்று நீ முடிவு செய்துவிட்டாய். முப்பத்தோரு வருஷம் என்னைச் சுவர் என்று எல்லாரும் கூப்பிட்டார்கள், கட்டினவள் மட்டும் நம்பவில்லை.

அலியா ஜோ லூயிஸா என்று இனி எனக்கு எழுத வேண்டாம்.


மே 9

பேரப்பிள்ளைகளின் தாத்தாவுக்கு,

எழுத வேண்டாம் என்றது அவர்கள் இரண்டு பேரைப் பற்றித்தானே. இதில் அவர்கள் இல்லை.

பெயரை எடுக்கச் சொன்னது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கிரேன்காரருக்குத் தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவருக்கு நான் செய்தது அநியாயம். உங்களிடம் கேட்கப்போவதில்லை.

என்னுடைய மேஜை எந்த மூலைக்குக் கீழே இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். நடுவருக்குக் கிரேன்காரர் முதுகுதான் தெரிந்தது. அடியில் கயிற்றுக்கு வெளியே திரும்பிய உங்கள் முகம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. இரண்டு கையும் தொங்கிவிட்டன. என்னைப் பார்த்தீர்கள், ஆனால் நான் யார் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. கால் மட்டும் நின்றது. கிரேன்காரர் அடித்துக்கொண்டே இருந்தார். எதிராளி நிற்கும்போது அவர் வேறு என்ன செய்வார்?

நீங்கள் விழுந்துவிடுவீர்கள் என்று நான் பயப்படவில்லை. விழுகிறவனுக்கு ஆபத்தில்லை. நடுவர் பத்து எண்ணுவார், தண்ணீர் தெளிப்பார்கள், வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம்.

நீங்கள் விழமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அடித்தேன்.

மணிக்காரி